ஜெசிந்தா அக்கா போட்ட அம்புக்குறிகள்

செய்தி வந்தபோது நான் இரண்டாம் தையல் லைனில் நின்று நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்துப் பட்டி ஏற்ற ஒரு பீஸுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பத்துப் பீஸ் பார்த்து எழுத வேண்டும். ஏழாவது பீஸில் சூப்பர்வைசர் பழனிச்சாமி வந்து பக்கத்தில் நின்றார். அவர் ஒரு இடத்தில் சும்மா நிற்கிற ஆள் இல்லை.

"சார், ஜெசிந்தாக்கா தவறிட்டாங்களாமுங்க."

"எப்போங்க?"

"இன்னிக்குக் காலையிலதானுங்க. கம்பெனி பஸ்ஸுக்கு நின்ன எடத்துலயே."

சரி என்றேன். மீதி மூன்று பீஸையும் பார்த்து எழுதினேன். பிறகுதான் உட்கார்ந்தேன். அந்த மூன்று எண்களும் இன்னும் என் தாளில் இருக்கின்றன. மூன்றும் தப்பு. கடிகாரத்தை நிறுத்தாமலே பையில் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வெளியே எடுத்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

நெருப்பெரிச்சல் ஊரில், தினமும் காலை ஏழே காலுக்கு அவர் நிற்கும் அதே புளிய மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற நம் செக்கிங் பெண்கள் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். "பஸ்ஸ விட்ராதிய, நீங்க ஏறுங்க" என்று அவர்களிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு என்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாற்பத்தெட்டு வயது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டாஃப் சார்பில் கேட்டார்கள். மற்றவர்கள் அவர் அன்பானவர் என்று எழுதியிருப்பார்கள். இருக்கட்டும், பொய்யில்லை. எனக்கும் அவருக்கும் மூன்று வருடமும் சண்டைதான். நான் சண்டையைத்தான் எழுத முடியும். ஒரு பக்கத்தில் அடங்காது.

உங்களில் பாதிப் பேருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். இருபது வருடத்துக்கு முன் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு திருப்பூருக்கு வந்து, செக்கிங் மேஜையில் நூல் பிசிறு வெட்டியவர். புருஷன் செத்த பிறகு தபாலில் படித்து, டைம் ஆபீஸுக்கு வந்து, கடைசியில் வெல்ஃபேர் ஆபீசர் ஆனார். கதவில் இருந்த போர்டு அப்படிச் சொல்லும். ஆள் எடுப்பது, ஆள் அனுப்புவது, லீவு, பி.எஃப். பாரம், பிரசவத்துக்கு ஆட்டோ, புருஷன் பொண்டாட்டிச் சண்டை எல்லாம் அந்த ஒட்டுப் பலகை அறைக்குள்தான் நடக்கும்.

நான் கோவையில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்துவிட்டு வந்தவன். லைன் ஓடும் வேகத்தைக் கூட்டுவது என் வேலை. வந்த முதல் வாரமே கையில் கடிகாரத்தோடு டெய்லர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நான் நின்றால் நூல் அறும், ஊசி உடையும், ஒருத்திக்குத் தாகம் எடுக்கும். மூன்றாம் நாள் எனக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஜெசிந்தா அக்கா கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, ஒரு நா அந்தக் கடியாரத்தப் பைக்குள்ள போட்டுட்டு லைன்ல சும்மா நில்லுங்களேன்."

"சும்மா நிக்கறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றதில்லீங்க அக்கா."

"எனக்கு அதுக்குத்தான் தராவ" என்றார்.

நான் சிரிக்கவில்லை. வேலை கிடந்தது.

அடுத்த சண்டை கூப்பன். வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். வெட்டிய துணி கட்டுக் கட்டாக லைனுக்கு வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு கூப்பன். கட்டைத் தைத்து முடித்தவர் கூப்பனைக் கிழித்துத் தன் தாளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் தாளைப் பார்த்தால் யார் எவ்வளவு தைத்தார்கள் என்று தெரிந்துவிடும். தொடர்ந்து மூன்று வாரம் இலக்கைத் தொடாதவருக்கு இங்கே வேலை இல்லை. இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான்.

கொஞ்ச நாளிலேயே ஒருவர் கூப்பனை இன்னொருவர் தாளில் ஒட்டுவது தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கூப்பன் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் உடனே வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, அக்காவின் அறைச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே நானே ஒட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இதுல என் கையெழுத்தும் வேணுமா?"

"வேண்டாங்க."

"நல்லதாப் போச்சு."

அதற்குப் பிறகு அப்படி நடப்பதாக எனக்குத் தகவல் வரவில்லை. நின்றுவிட்டது என்று எழுதி வைத்தேன்.

அமெரிக்காவில் பாங்குகள் விழுந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். தீபாவளிக்குப் பிறகு, சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்களிடமிருந்து வந்த மெயில்களில் எல்லாம் ஒரே வார்த்தைதான். கேன்சல். பேக் செய்து முடித்த பெட்டிகள் நடைபாதையிலேயே நின்றன. பொங்கலுக்குள் அந்தச் சட்டைகள் லேபிள் வெட்டப்பட்டு காதர்பேட்டைக் கடைகளில் குவியலாகக் கிடந்தன. நம் டெய்லர்களே போய் வாங்கிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவரை வில்லனாக எழுத என்னால் முடியாது. முகத்தில் தூக்கமே இல்லை.

"உக்காருங்க. நாலு லைன்ல ஒரு லைன நிறுத்தியாகோணும். எனக்கு வேற வழி தெரியலீங்க அக்கா. ஏங்கண்ணு, நீயி என்ன சொல்ற?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "ஆள வெட்டாண்டாம் மொதலாளி. நாளப் பங்கு போடுவோம். வாரத்துல மூணு நாளு பாதிப் பேரு, மூணு நாளு மறுபாதி."

நான் எதிர்த்தேன். பாதி நாள் வேலைக்கு நல்ல டெய்லர் நிற்க மாட்டார், மட்டமானவர்கள்தான் மிஞ்சுவார்கள் என்றேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்று முதலாளி அக்கா பக்கம் சாய்ந்தார். பார்த்தோம். நான் சொன்னதுதான் நடந்தது. கை வேகமான எட்டுப் பேர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். பாதிச் சம்பளத்தில் லைன் வீட்டு வாடகை கட்ட முடியாமல் தெக்கத்திக் குடும்பங்கள் சில ஊருக்கே பஸ் ஏறின. அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க சொன்னதுதான் நடந்துட்டு தம்பி. எனக்குத்தான் புத்தி பத்தல."

அவர் அப்படி ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்போ லிஸ்ட் போட்டர்லாமுங்களா?" என்று கேட்டேன்.

இருபத்து நான்கு பேர். பெயர்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு, சொல்வது அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. எந்தக் கிழமை சொல்வது என்பதில் அடுத்த சண்டை. நான் சனிக்கிழமை சாயங்காலம் என்றேன். வாரக் கணக்கு முடியும், ஞாயிறு லீவு, திங்கட்கிழமை லைன் புதிதாக ஆரம்பிக்கும்.

"வேண்டாம்" என்றார். "சனிக்கெழம சொன்னா ஞாயித்துக்கெழம பூரா வீட்டுக்குள்ள கெடந்து அழுவாவ. திங்கக்கெழம காலையில எட்டு மணிக்குச் சொல்லணும். ஒம்பதுக்குள்ள வேற கம்பெனி கேட்ல போயி நிப்பாவ."

"இப்போ எந்தக் கேட்லங்க ஆள் எடுக்கறாங்க?"

"எடுக்காட்டியும் போயி நிக்கதுக்கு ஒரு எடம் வேணும்லா."

வேலை போகிறவரிடம் திங்கட்கிழமை காலையில், உட்கார வைத்து, டீ கொடுத்து, நேருக்கு நேர் சொல்ல வேண்டும். நோட்டீஸ் ஒட்டக் கூடாது, சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பக் கூடாது. இது அவர் வழக்கம். வேலை கொடுக்கும்போதுகூட அவர் டீ கொடுத்ததில்லை.

பட்டியல் போட எனக்கு அரை நாள்தான் ஆயிற்று. மூன்று மாதக் கூப்பன் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, கடைசி இருபத்து நான்கு பெயர்களுக்கு மேல் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே நான்காவது பெயர் புஷ்பம். மூன்றாம் லைனில் பேட்லாக் மிஷின், அதாவது சட்டையின் அடி விளிம்பை மடித்துத் தைப்பவர். ஜெசிந்தா அக்காவின் ஊருக்குப் பக்கத்து ஊர். அக்காதான் கூட்டி வந்து சேர்த்தது.

முழுத் தாளையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெயர்களுக்கு நடுவே பென்சிலால் மெல்லிய அம்புக்குறிகள். கோட்டுக்குக் கீழே இருக்கும் பெயரிலிருந்து மேலே இருக்கும் பெயருக்கு. எழுத்து ஒன்றுகூட இல்லை.

"என்னங்க இது?"

"பாருங்க."

"இது டேட்டா இல்லீங்க அக்கா. கிறுக்கல்."

"கிறுக்கல்தான். ஒரு நா, ஒரே நா, மூணாம் லைன்ல போயி நில்லுங்க தம்பி. பெறவு வந்து கோட்டப் போடுங்க."

"என்னன்னு வாயில சொன்னாத்தானுங்களே தெரியும்?"

"வாயில சொல்ல முடியாது."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். மணி பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே என் நோட்டீஸ் இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பொறுமை போய்விட்டது. மறுநாள் காலை முதலாளிக்குப் பட்டியல் போக வேண்டும். அப்போது ஒன்று கேட்டேன்.

"புஷ்பம் உங்க ஊர்க்காரங்க. அதுக்குத்தானுங்களே இவ்வளவும்?"

அவர், நான் கையோடு கொண்டு போயிருந்த இன்னொரு அச்சுத் தாளை, அம்புக்குறி இல்லாததை, தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஊர்ப் பாசம் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்தப் பெண்ணுக்காக அவர் பேச முடியாது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் புரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார். ஒவ்வொருவராக உள்ளே போய், சில நிமிடங்களில் வெளியே வந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் பக்கத்து ஸ்டோரில் நூல் கோன் எண்ணுகிற மாதிரி நின்றேன். ஒட்டுப் பலகைச் சுவர். எல்லாம் கேட்டது.

புஷ்பம் அழவில்லை. "யக்கா, செல்வி பேரும் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். செல்வி அதே லைனில் பக்கத்து பேட்லாக் மிஷின். அப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

"இல்ல."

"அது போதும். என் பேர எழுதுனது யாரு?"

டம்ளர் வைக்கும் ஒலி கேட்டது.

"நாந்தாம்ட்டி."

"நீங்களா? ஸ்டாப்வாட்ச் இல்லையா?"

"அவருக்கென்ன தெரியும். நாந்தான் எழுதுனேன்."

"கூட்டிட்டு வந்ததும் நீங்க. அனுப்புததும் நீங்க. நல்லாருக்கும்க்கா."

டீயைக் குடிக்காமல் போய்விட்டார். அந்தக் கதவுக்கும் எனக்கும் நாலடிதான். தள்ளித் திறந்து, நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். எண்ணி முடித்த கோன்களை மறுபடி எண்ணினேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் மேல கோவம்னா அவ என் ரூம்புப் பக்கம் வரமாட்டா. அம்புட்டுதான். ஒங்க மேல கோவம்னா மிச்சம் இருக்கவ பூராவும் மிஷின நிறுத்துவா. மூணு லைனாவது ஓடணும்லா." பிறகு, "இருவத்தி நாலு பேரும் கேட்டாவ தம்பி. இருவத்தி நாலு பேருக்கும் ஒரே பதிலுதான் சொன்னேன். வாயி வலிக்கி" என்றார்.

அப்போதும் எனக்கு அது நிர்வாக விஷயமாகத்தான் பட்டது. சரியான ஏற்பாடு என்றுகூட நினைத்தேன்.

ஆடியில் ஆர்டர் திரும்ப ஆரம்பித்தது. மூன்றாம் லைனை மறுபடி ஓட்டினோம். பேட்லாக்குக்கு ஆள் கிடைக்கவில்லை. பிரசவம் முடிந்து திரும்பியிருந்த செல்வியை அதில் உட்கார வைத்தேன். என் வரிசையில் செல்வி மேலிருந்து ஆறாவது. கடிகாரத்தைப் பிடித்தேன். நான் எழுதி வைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"என்னம்மா, முன்ன உன் தாள்ல கூப்பன் ஒட்ட எடமே இருக்காது. இப்ப என்னாச்சு?"

செல்வி இந்த ஊர்ப் பெண். நெசவுக் குடும்பம். மரியாதை கெடாமல் எழுந்து நின்று சொன்னது.

"அதெல்லாம் நான் தெச்சதில்லீங்க சார். எனக்குக் கை வீங்கிக் கெடந்துதுங்க. புஷ்பக்கா தெச்சுத் தெச்சு எனக்கு ஒட்டுனாங்க. நம்ம லைன்ல மாசமா இருக்கறவிங்களுக்கு, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லாதவிங்களுக்கு எல்லாருமே ஒண்ணு ரெண்டு ஒட்டுவோமுங்க. புஷ்பக்காளுக்குக் கை வேகமுங்க, அதனால நெறயக் குடுத்தாங்க." பிறகு, "இப்ப என்னையும் அனுப்பிருவீங்களா சார்?" என்று கேட்டது.

இல்லை என்றேன். மேஜைக்குப் போய் அடி டிராயரிலிருந்து பென்சில் போட்ட தாளை எடுத்தேன். தூக்கிப் போடாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, டிராயரைச் சுத்தம் செய்யவில்லை, அவ்வளவுதான். புஷ்பத்திலிருந்து கிளம்பிய அம்பு நேராக செல்வியின் பெயரில் போய் நின்றது. இன்னும் பதினோரு அம்புகள். கொடுத்தவர்கள் கோட்டுக்குக் கீழே. வாங்கியவர்கள் மேலே. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால், என் நோட்டீஸ்படி இரண்டு பக்கமும் வேலை போகும். அதனால் அம்பு போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் போய் நில் என்றார். என் படிப்பில் இதற்குப் பெயர் தப்பான டேட்டா. தப்பாக்கியது என் நோட்டீஸ்தான்.

அவரிடம் போய், "பார்த்தேனுங்க" என்றேன். "இப்பமா?" என்றார். நோட்டீஸைக் கிழித்தேன். சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "அதுல ஒரு காலண்டர மாட்டுங்க, அசிங்கமா இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் புஷ்பத்தைத் தேடிப் போனோம். திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறை ஒன்றில் இருந்தார். உளி வேலை முடிந்த சிலைக்குத் தண்ணீர் விட்டு உரசி வழவழப்பாக்கும் வேலை. ஒரு பிள்ளையாரின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளைச் சகதி.

"வாங்க சார்" என்றார் என்னிடம். அக்கா இருந்த பக்கம் திரும்பவில்லை.

வேலைக்குக் கூப்பிட்டேன். சம்பளம் கூடக் கிடைக்கும், கூப்பன் முறையை எடுத்துவிட்டோம் என்றேன்.

"வேண்டாம் சார். இங்க கல்லு ஓடாது. யாரும் பின்னால நின்னு நேரம் பாக்கதில்ல. சாமியே பேசாமத்தான் இருக்கு."

"ஏட்டி, கோவத்த மனசுல வச்சுக்கிட்டு..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"சார், எழுதுன கையோட வந்து நிக்காவ பாருங்க, அவியளப் போகச் சொல்லுங்க. எனக்கு வேல கெடக்கு."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரு வரி. முகத்துக்கு நேரே எதையும் போட்டு உடைப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை உண்டு. அந்தப் பட்டறையில் உளிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். அக்கா, "வாங்க போவம்" என்றார்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவருக்குக் கால் வலி, அங்கிருந்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "நான் சொல்லியிருக்கணுங்க அக்கா" என்றேன். பரவாயில்லை தம்பி என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். சமாதானப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. பஸ் வந்தது, ஏறினோம். அதற்குப் பிறகு நாலு மாதம் தினமும் பார்த்துக்கொண்டோம், பஸ் ரூட்டுக்கும் டீக்கும் சண்டை போட்டோம். புஷ்பம் பேரை அவர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் இருந்தது. ஷிப்மெண்ட் இருந்தது, ஆடிட் இருந்தது. நேரத்தை நொடி கணக்கில் பிரிப்பவனுக்கு அரை மணி பஸ் பயணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு நம் கம்பெனியே வந்திருந்தது. வேலையை விட்டுப் போனவர்கள் சிலரும் வந்தார்கள். புஷ்பத்தைத் தேடினேன். வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திருமுருகன்பூண்டிக்குத் தனியாகப் போனேன். புஷ்பம் இந்த முறை ஒரு அம்மன் சிலையின் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பட்டியல் போட்டது நான். அக்கா உங்கள் பெயருக்காகச் சண்டை போட்டார். ஊர்ப் பாசம் என்று சொல்லி அவர் வாயை அடைத்ததும் நான். அன்றைக்கு ஸ்டோரில் நின்று எல்லாவற்றையும் கேட்டதும் நான்.

புஷ்பம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "செத்தது தெரியும் சார். செல்வி வந்து சொன்னா. வரக் கூடாதுன்னுதான் வரல" என்றார். பிறகு, "இதச் சொல்ல ஒமக்கு இம்புட்டு நாளா?" என்று கேட்டார். சாரும் போயிற்று, நீங்களும் போயிற்று. நியாயம்தான்.

"போன தடவ வந்தீரே, அப்பமே சொல்லிருந்தா நான் அவியகிட்டப் பேசிருப்பேம்லா. ஒரு வா டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேன்."

அவர் தொட்டித் தண்ணீரில் கை கழுவினார். வெள்ளை போகவில்லை, மறுபடி கழுவினார். "அக்காவ எங்கன வச்சிருக்காவ?" என்று கேட்டார். கல்லறைத் தோட்டத்துக்கு எந்த பஸ், எந்த ஸ்டாப், உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பையில் கிடந்த பழைய கூப்பன் தாள் ஒன்றின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை.

அக்காவின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நூல் விலை ஏறுகிறது என்று முதலாளி மறுபடி கவலையாக இருக்கிறார். "அக்கா வேலையையும் கொஞ்ச நாளைக்கு நீயே பாத்துக்கோ கண்ணு" என்று சாவியைக் கொடுத்திருக்கிறார். இன்னொரு பட்டியல் கேட்டால் போடாமல் இருப்பேன் என்று நான் இங்கே சத்தியம் செய்யவில்லை. போட வேண்டி வரும். அதற்கு முன் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் லைனில் நிற்பேன். பிறகு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நானே உட்கார்ந்து, டீ கொடுத்து, எழுதியது நான் என்று சொல்வேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள். பென்சில் மங்கி வருகிறது. மேலே பேனாவால் எழுதிப் பத்திரப்படுத்தலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் கை போட்ட அளவுக்கே இருக்கட்டும்.

மீதி இருபத்து மூன்று பேர் இப்போது எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் பூசைக்கு வருவார்கள், இந்தப் புத்தகம் கைக்குக் கிடைக்கும். வராதவர்களைத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தத் திங்கட்கிழமை காலை ஜெசிந்தா அக்கா உங்கள் இருபத்து நான்கு பேரிடமும் ஒரே பொய்யைத்தான் சொன்னார். பெயர்களை எழுதியது நான். அவர் அம்புக்குறி மட்டும்தான் போட்டார்.